முப்பத்தாறு பெட்டிப் பாவற்காய்

எங்கள் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளுக்கு எழுதுகிறேன். உங்களில் பாதிப்பேர் ஜெர்மனியிலேயே பிறந்து, இங்கே தொழிற்பயிற்சி, அதுதான் ஔஸ்பில்டுங், முடித்துவிட்டு வந்தவர்கள். மற்றப் பாதி இந்தியாவிலிருந்து பெரிய படிப்புக்கு வந்து, பகுதிநேர வேலைக்கென்று உள்ளே நுழைந்து, அப்படியே நின்றுவிட்டவர்கள். நான் மன்னாரில் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். ஆனால் உகண்டாவிலிருந்து விமானத்தில் மரக்கறி இறக்கி, வுப்பர்டாலைச் சுற்றியிருக்கிற தமிழ்க் கடைகளுக்கெல்லாம் கொடுத்த முதல் ஆள் நான்தான். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்குச் சொல்ல வேறு நிறைய இருக்கிறது.

போன வருஷம் பான் நகரத்தில் ஒரு கூட்டம். ஏழை நாடுகளுக்கு ஐரோப்பா கொடுக்கிற வரிச்சலுகை பற்றி ஆராய்ச்சி செய்கிற பிள்ளைகள் என்னையும் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். சுவரில் கோடு கோடாக ஏறி இறங்குகிற படங்கள் காட்டினார்கள். எல்லாம் விளங்கின ஆள் போலத் தலையாட்டிக்கொண்டு இருந்தேன். அதுவும் ஒரு கெட்டித்தனம்தான். கடைசியில் கோயம்புத்தூர்ப் பிள்ளை ஒன்று எழும்பிக் கேட்டது.

"அங்கிள், நீங்க இத்தனை வருஷமா இம்போர்ட் பண்றீங்க. இந்த சலுகையால ஆப்பிரிக்கா வளர்ந்திருக்கா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

"ஆப்பிரிக்காவைப் பற்றி எனக்கு என்ன தெரியும் பிள்ளை? எனக்கு ஒரு கொட்டிலைப் பற்றித்தான் தெரியும்," என்றேன்.

சிரித்தார்கள். நான் பகிடிக்குச் சொல்லவில்லை.

அந்தக் கொட்டில் கம்பாலாவிலிருந்து வாகனத்தில் இரண்டு மணித்தியாலத் தூரத்தில் இருந்தது. நகாட்டோ என்ற பெண்ணுடையது. முன்பு ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தவர். சம்பளம் ஒழுங்காக வராததால் வேலையை விட்டு, அயல் பெண்களிடம் பச்சை மிளகாய் வாங்கிக் கழுவித் துடைத்து, பெட்டி கட்டி அனுப்பத் தொடங்கியிருந்தார். நான் முதலில் போனபோது மேலே நீலத் தறப்பாள், கீழே மண். பத்துப் பன்னிரண்டு பெண்கள் குந்தியிருந்து நல்லது கெட்டது பார்த்து மிளகாய் தெரிந்துகொண்டிருந்தார்கள். நான் காம்பை உடைத்து முகர்ந்து பார்த்தேன். அன்றைக்கே சரி என்று சொல்லிவிட்டேன். மரக்கறி விஷயத்தில் என் மூக்கு பிழை விட்டதில்லை.

சட்டத்தை நீங்கள் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். எனக்கு விளங்கின மாதிரிச் சொல்கிறேன். மிகவும் ஏழையான நாடுகள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அந்த நாடுகளில் விளைகிற எந்தப் பொருளும், துப்பாக்கி தோட்டா தவிர, ஐரோப்பாவுக்குள் வரியில்லாமல் வரலாம். உகண்டா அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஒரே ஒரு நிபந்தனை. காய் அந்த மண்ணிலேயே விளைந்திருக்க வேண்டும். விளைந்தது என்று அனுப்புகிற ஆள் விலைப்பட்டியலில் ஒரு வாக்கியம் எழுதி, தன் பதிவு இலக்கத்தையும் போட வேண்டும். அவ்வளவுதான். நகாட்டோவின் முழு வாழ்வும் அந்த ஒரு வாக்கியத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை நான் விளங்கிக்கொள்ள இரண்டு முறை அடிபட வேண்டியிருந்தது.

முதல் அடி என் படத்தால் வந்தது. நகாட்டோ அனுப்புகிற மட்டைப்பெட்டி பார்க்கச் சப்பென்று இருந்தது. விமானம் வளைகுடாவில் ஓரிடத்தில் மாறும். அங்கே சரக்குப் பகுதியில் என் சித்தப்பா மகன் வேலை செய்தான். நான் வர்ணப்பெட்டி அச்சடித்து அவனிடம் கொடுத்தேன். ஒரு பக்கம் பச்சை மிளகாய், மறுபக்கம் நான், கோட்டும் கழுத்துப்பட்டியுமாக. விமானம் மாறுகிற இடைவெளியில் காயை எடுத்துப் புதுப்பெட்டியில் போட்டு ஏற்றிவிட்டான். பிராங்பேர்ட்டில் சுங்கக்காரர்கள் பெட்டியைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், சலுகை இல்லை என்றார்கள். வழியில் பொருளைத் தொட்டால் சலுகை போய்விடும் என்பது எனக்குத் தெரியாது.

எங்களுக்குக் கடதாசி வேலை பார்த்துத் தந்த சுங்க முகவர் ஒரு ஜெர்மன் பெண். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். எங்கள் களஞ்சியத்தில் எல்லாரும் அவரைக் 'கடதாசி அக்கா' என்றுதான் சொல்வோம். இந்தத் தொழிலில் எனக்கு யாராவது ஏதாவது கற்றுத் தந்தார்கள் என்றால் அது அவர் மட்டும்தான். அன்றைக்கு அவர் என் பெட்டியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்தச் சலுகை யாருக்கு என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

"எனக்குத்தான். வரி கட்டுகிற ஆள் நான்தானே."

"வரி கேட்காமல் விடுவது உங்களிடம். கொடுப்பது அந்தப் பெண்ணுக்கு. உங்கள் படத்துக்கு ஐரோப்பா ஒரு சலுகையும் கொடுக்கவில்லை."

எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்குப் போய் யோசித்தேன். அதுவரை வரி இல்லாததால் மிஞ்சினதெல்லாம் என் பக்கத்திலேயே நின்றது. நகாட்டோவுக்கு நான் கொடுத்த விலை, வரி கட்டியிருந்தால் என்ன கொடுத்திருப்பேனோ அதேதான். அடுத்த மாதத்திலிருந்து விலையை ஏற்றிக் கொடுத்தேன். நானாகத்தான் செய்தேன், ஒருவரும் கேட்கவில்லை. ஒரு வருஷத்தில் கொட்டிலுக்குச் சீமெந்துத் தரை வந்தது. பிறகு தகரக் கூரை. பிறகு ஒரு சின்னக் குளிர் அறை. குளிர் அறை வந்த பிறகு காய் இரண்டு நாள் கூடுதலாகத் தாங்கியது, நகாட்டோ வெண்டியும் பாவற்காயும் போடத் தொடங்கினார். பெண்கள் நாற்பது பேரானார்கள். சலுகை வந்தால் வளர்ச்சி வரும் என்று பானில் படம் காட்டினார்களே, இடையில் என்னைப் போல ஒரு ஆள் கையைத் திறக்கிறானா மூடுகிறானா என்பது அந்தப் படத்தில் இருக்கவில்லை.

இரண்டாவது அடிதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம்.

நான் வேதக்காரன், அதுதான் கிறிஸ்தவன். ஆனால் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் கொடி ஏறுகிற திகதி எந்த ஐயரைவிடவும் எனக்கு முந்தித் தெரியும். கொடி ஏறினால் இருபத்தைந்து நாளைக்கு இங்கேயுள்ள யாழ்ப்பாணத்துச் சைவச் சனம் மச்ச மாமிசம் தொடாது. இறைச்சி வாங்குகிற கையெல்லாம் மரக்கறிப் பக்கம் திரும்பும். அந்த இருபத்தைந்து நாளில் பாவற்காய் இல்லை என்று சொன்ன கடைக்காரன் பிறகு தைப்பொங்கலுக்கும் வாடிக்கை ஆளைப் பார்க்கமாட்டான். எங்கள் களஞ்சிய வாசலில் நானே பலகை எழுதி மாட்டியிருந்தேன்: 'இங்கே இல்லை என்ற சொல்லே இல்லை.' வடிவான பலகை. ஹம் நகரத்துக் கடைக்கார அக்கா அதைப் படம் பிடித்துக்கொண்டு போனார்.

அந்த வருஷம் உகண்டாவில் மழை பிந்தியது. கொடியேற்றத்துக்கு ஒரு கிழமை, அதாவது ஏழு நாள், இருக்க நகாட்டோ தொலைபேசியில் சொன்னார்.

"பாவற்காய் நூற்று அறுபத்துநாலு பெட்டி இருக்கிறது."

"இருநூறு சொன்னேன்."

"நூற்று அறுபத்துநாலு இருக்கிறது."

"நகாட்டோ, இருபது வருஷமாக நான் ஒருவருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. எப்படியாவது செய்யுங்கள்."



"எப்படியாவது என்றால்?" என்று கேட்டார்.

"எப்படியாவது என்றால் எப்படியாவதுதான்."

இருநூறு பெட்டியும் வந்தன. விமான நிலையத்தில் பயிர் நோய் பார்க்கிறவர்கள் பார்த்தார்கள், சுங்கம் பார்த்தது, எல்லாரும் முத்திரை குத்தினார்கள். காலை பத்து மணிக்கு வுப்பர்டாலுக்கு வந்து சேர்ந்தது. டோர்ட்முண்ட், ஹம், கிறேபெல்ட் கடைகளின் வாகனங்கள் வாசலில் வரிசையாக நின்றன. நான் வழக்கம்போல ஒரு பெட்டியைத் திறந்து பார்த்தேன். சரி. இன்னொன்று. சரி. மூன்றாவது பெட்டியைத் திறந்தபோது கை நின்றது.

நகாட்டோ போடுகிற பாவல், குருவித்தலைப் பாவல். கட்டை, கரும்பச்சை, முள்ளுமுள்ளாக இருக்கும். அந்த விதையைக் கம்பாலாவில் ஒரு குஜராத்திக்காரரிடம் நானே தேடிப்பிடித்து நகாட்டோவுக்கு வாங்கிக் கொடுத்தேன். இந்தப் பெட்டியில் இருந்தது முழ நீளக் காய், வெளிறின பச்சை, முள் மழுங்கியது. எல்லைக்கு அந்தப் பக்கம், கென்யாவில் போடுகிற காய். எல்லாப் பெட்டியையும் திறந்து எண்ணிப் பார்த்தேன். முப்பத்தாறு பெட்டி.

கென்யாவுக்கும் சலுகை இருக்கிறது. ஆனால் அது வேறு ஒப்பந்தம், வேறு கடதாசி. உகண்டாவில் விளைந்தது என்று நகாட்டோ எழுதின வாக்கியத்துக்குக் கீழே இந்தக் காய் வந்தால் அந்த வாக்கியம் பொய். பயிர் நோய்ச் சான்றிதழும் உகண்டா பெயரில்தான். அதுவும் பொய்.

என் மனைவியின் தம்பி அன்ரன்தான் களஞ்சியத்தைப் பார்த்துக்கொள்கிறவன். பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தான்.

"என்ன அத்தான், பாவக்காயோட கதைச்சுக்கொண்டு நிக்கிறியள்?"

"இது நகாட்டோவின்ர காய் இல்லையடா."

"அதை ஆர் கண்டது? சுங்கக்காரன் முத்திரை குத்திப்போட்டான். அவனுக்குப் பாவக்காயும் பல்லியும் ஒண்டு."

"எனக்குத் தெரியுதே."

"உங்களுக்குத் தெரியும் எண்டதை நீங்களும் நானும் தவிர ஆருக்குத் தெரியும்? அத்தான், வெளியில எட்டு வாகனம் நிக்குது. நாளைக்குக் கொடி. நீங்கள் போய்ச் சொன்னியள் எண்டால் முதல்ல மாட்டுறது அந்த மனுசிதான். வாயை மூடிக்கொண்டு இருக்கிறதுதான் அவவுக்குச் செய்யிற உபகாரம்."

அன்ரன் முட்டாள் இல்லை. அவன் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் கஷ்டம். நான் நூற்று அறுபத்துநாலு பெட்டியை ஏற்றச் சொல்லிவிட்டு, முப்பத்தாறையும் ஒரு மூலையில் அடுக்கி, மேலே துணி போட்டேன். கடைக்காரர்களிடம் பெட்டி குறைவு என்று சொல்லவில்லை. "மிச்சம் பின்னேரம்" என்று சொன்னேன். அப்போதும் என் வாயில் 'இல்லை' என்ற அந்தச் சொல் வரவில்லை.

பிறகு கடதாசி அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். கதை முழுவதையும் கேட்டார்.

"நான் சொல்லாமல் விட்டால்?" என்று கேட்டேன்.

"ஒன்றும் நடக்காமல் போகலாம். சில வருஷம் கழித்துச் சுங்கம் எழுந்தமானமாகக் கைக்கு வந்த ஒரு விலைப்பட்டியலை எடுத்து, உகண்டாவுக்கு அனுப்பிச் சரிபார்க்கவும் சொல்லலாம். அது இந்தப் பட்டியலாக இருந்தால் இந்த முப்பத்தாறு பெட்டியைப் பற்றி மட்டும் கேட்கமாட்டார்கள். அந்தப் பெண் இதுவரை எழுதின எல்லா வாக்கியத்தையும் பற்றிக் கேட்பார்கள்."

"சொன்னால்?"

"சொன்னால் இப்போதே கேட்பார்கள். அந்தப் பதிவு இலக்கம் தப்புமா என்று எனக்குத் தெரியாது."

"அப்ப என்ன செய்ய?"

"நீங்கள் ஏன் என்னிடம் கேட்கிறீர்கள்?" என்றார். "இலக்கம் என்னுடையதா?"

அந்த அம்மா எப்போதும் இப்படித்தான். கேள்வியைத் திருப்பி எங்கள் கையிலேயே தந்துவிடுவார். நான் நகாட்டோவுக்கு எடுத்தேன். காய் மாறியிருக்கிறது என்று சொன்னேன். அவர் மறுக்கவில்லை.

"எல்லையில் ஒரு வியாபாரியிடம் வாங்கினேன்," என்றார். "நீங்கள் இருநூறு கேட்டீர்கள்."

"என்னிடம் சொல்லியிருக்கலாமே."

"நூற்று அறுபத்துநாலு என்று இரண்டு தரம் சொன்னேன்."

  பிறகு கடதாசி அக்கா சொன்னதை அப்படியே சொன்னேன். சொல்லலாம், சொல்லாமலும் விடலாம், இலக்கம் உங்களுடையது, நீங்கள் சொல்லுங்கள் என்றேன்.

"இப்போது கேட்கிறீர்கள்," என்றார் நகாட்டோ. "போன கிழமை கேட்கவில்லை."

"ஓம்," என்று ஒப்புக்கொண்டேன், தமிழிலேயே. அவருக்கு விளங்கியிருக்கும்.

நகாட்டோ யோசிக்க ஒரு மணித்தியாலம் கேட்டார். நான் களஞ்சியத்தில் துணி போட்ட அடுக்குக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தேன். அன்ரன் தேத்தண்ணி கொண்டுவந்து தந்துவிட்டுப் போனான்.  நான் யோசித்தது நாற்பது பெண்களைப் பற்றி என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில் ஹம் கடை அக்காவுக்கு என்ன சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். நெருக்கடியில் மனம் பெரிய விஷயத்தைப் பிடிக்காது, சின்னதைத்தான் பிடித்துக்கொண்டு தொங்கும். அது நடக்கும்போது உங்களுக்கும் தெரியவரும்.

மணித்தியாலம் முடிய நகாட்டோ எடுத்தார்.

"நானே எழுதுகிறேன்," என்றார். "என் அதிகாரிகளுக்கும் உங்கள் சுங்கத்துக்கும். முப்பத்தாறு பெட்டிக்கு நான் எழுதின வாக்கியம் பிழை, அதை எடுத்துவிடுங்கள் என்று. அவர்கள் கண்டுபிடிக்க முன்னம் நான் சொன்னதாக இருக்க வேண்டும். உங்களிடம் ஒன்று வேண்டும்."

"சொல்லுங்கள்."

"நீங்கள் நெருக்கினீர்கள் என்று ஒரு கடிதம். உங்கள் கையெழுத்தில்."

பிள்ளைகளே, நான் ஜெர்மனிக்கு வந்து பாத்திரம் கழுவினேன், கடை போட்டேன், களஞ்சியம் கட்டினேன். எத்தனையோ அன்ட்ராக், அதுதான் விண்ணப்பம், நிரப்பினேன். ஒரு கடதாசியிலும் பிழை என்னுடையது என்று எழுதினதில்லை. அப்படி எழுதாமல் இருந்ததால்தான் இவ்வளவு தூரம் வந்தேன் என்றும் நம்பியிருந்தேன்.

கடதாசி அக்கா நேரில் வந்தார். நான் சொல்லச் சொல்ல அவர் வடிவான ஜெர்மனில் எழுதித் தருவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பேனையை என் பக்கம் தள்ளிவிட்டார்.

"என்ர எழுத்தில பிழை நிறைய வருமே," என்றேன்.

"வரட்டும். உங்களுடையது என்று அவர்களுக்குத் தெரியும்."

எழுதினேன். நகாட்டோ நூற்று அறுபத்துநாலு என்று சொன்னார். நான் இருநூறு கேட்டேன். எப்படியாவது என்று சொன்னது நான். மூன்று வசனம். எழுதி முடிக்க அரை மணித்தியாலம் எடுத்தது.

அன்று பின்னேரமே ஆட்கள் வந்து முப்பத்தாறு பெட்டியையும் எடுத்துக்கொண்டு போனார்கள். எரிப்பதற்கு. எனக்கு அபராதம் வந்தது, கட்டினேன், அதில் ஒரு கதையும் இல்லை. உகண்டாவில்தான் கதை. நகாட்டோவின் பெட்டிகளை விசாரணை முடியும்வரை நிறுத்தி வைத்தார்கள். அதிகாரிகள் கொட்டிலுக்கு வந்து, தோட்டம் தோட்டமாக நடந்து, எந்தப் பெண்ணிடம் என்றைக்கு எத்தனை பெட்டி வாங்கியது என்று நகாட்டோ எழுதி வைத்திருந்த கொப்பிகளைப் புரட்டினார்கள். தாதியாக இருந்த பழக்கம், நோயாளியின் காய்ச்சலைக் குறிக்கிற மாதிரி ஒவ்வொரு நாளும் குறித்து வைத்திருந்தார். ஏழு கிழமை. குளிர் அறையை நிறுத்தி வைத்திருந்தார்கள். வேலை இல்லாமல் ஏழு பெண்கள் போய்விட்டார்கள்.

இலக்கம் தப்பியது. தானாக முன்வந்து சொன்னதாலும், கொப்பிகள் சரியாக இருந்ததாலும் என்று கடிதம் வந்தது. என் மூன்று வசனம் உதவியதா என்று ஒருவரும் எழுதவில்லை. உதவியிருக்கும் என்று நினைக்கிறேன். போன ஏழு பெண்களில் ஐந்து பேர் திரும்பி வந்தார்கள். மற்ற இரண்டு பேரின் பெயர் எனக்குத் தெரியாது. நகாட்டோவுக்குத் தெரியும்.

இதிலிருந்து என்ன படிக்க வேண்டும் என்று நீங்கள் கேட்பீர்கள். சுங்கச் சட்டத்தை என்னைவிட நீங்கள் நன்றாகப் படித்திருக்கிறீர்கள். நான் சொல்வது வேறு. அந்த ஒரு வாக்கியத்தை எழுதுகிறது அங்கேயுள்ள ஒரு ஆள். அதைப் பொய்யாக்குகிறது பெரும்பாலும் இங்கே தொலைபேசியைப் பிடித்துக்கொண்டிருக்கிற ஒரு ஆள். நீங்கள் 'எப்படியாவது' என்று சொல்லும்போது அந்தச் சொல் எங்கே போய் விழுகிறது என்று பாருங்கள்.

அடுத்த வருஷம் கொடியேற்றத்துக்கு ஒரு கிழமை இருக்க நகாட்டோவுக்கு எடுத்தேன்.

"எத்தனை?" என்று கேட்டேன். இருநூறு என்று தொண்டை வரை வந்தது.

"நூற்று எழுபத்தொன்று."

"சரி."

 நூற்று எழுபத்தொன்றும் வந்தன. பெட்டி பெட்டியாகத் திறந்து பார்த்தேன். எல்லாம் குருவித்தலை. மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. பின்னேரம் ஹம் கடை அக்கா எடுத்தார்.

"அண்ணை, பாவக்காய் பறந்திட்டுது. இன்னும் முப்பது பெட்டி அனுப்பேலுமோ?"

"இல்லை அக்கா."

"எப்ப வரும்?"

"வராது. இல்லை."



"அண்ணை," என்றார் மெதுவாக, "உங்களுக்கு உடம்புக்கு ஏதும் சுகமில்லையோ?"

"நல்ல சுகம்," என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன். பிறகு அன்ரனைக் கூப்பிட்டு, வாசல் பலகையைக் கழற்றுவதற்கு ஏணியை எடுத்துவரச் சொன்னேன்.